விட்டுவைத்த அடைப்பு

2025 ஜூலை முதல் வாரத்தில் மைசூரு கே.ஆர்.எஸ். சாலையிலுள்ள ஜெயதேவா இதய மருத்துவமனைக்கு முன்னால் நீண்ட வரிசை நின்றது. பக்கத்து மாவட்டமான ஹாசனில் 40 நாட்களுக்குள் 20க்கும் மேற்பட்டோர் மாரடைப்பில் இறந்துவிட்டார்கள், அதில் இளவயதினரும் உண்டு என்ற செய்தி பரவியிருந்தது. நெஞ்சில் சுருக்கென்று ஒரு குத்தல் வந்தவர்களும், எதுவுமே வராமல் பயம் மட்டும் வந்தவர்களும் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்பி வந்திருந்தார்கள். 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் திடீரென இறந்தபோதும் இப்படித்தான் நடந்தது. ஹாசன் மரணங்களை ஆராய்ந்த அரசுக் குழு, மாரடைப்பு வழக்கத்தை மீறிக் கூடிவிடவில்லை என்று பிறகு சொன்னது.

இப்படி வரிசையில் நிற்கும் பெரும்பாலோருக்கு ஈ.சி.ஜி.யோடு கதை முடிந்துவிடும். சிலருக்கு எக்கோ, டிரெட்மில் என்று நீண்டு ஆஞ்சியோகிராம் வரை போகும். அவர்களிலும் ஒரு சிலரின் குடும்பத்தை மருத்துவர் தனியே கூப்பிட்டு ஒன்று சொல்வார்: “மூன்று குழாயிலும் அடைப்பு இருக்கிறது. பைபாஸ் செய்தால் நல்லது. ஆபரேஷன் வேண்டாம் என்றால், முக்கியமானதற்கு மட்டும் ஸ்டென்ட் வைத்துவிட்டு மற்றதை மருந்தில் பார்க்கலாம்.”

வீட்டார் காதில் இது எளிய கேள்வியாக விழுகிறது. நெஞ்சைப் பிளக்கலாமா, மணிக்கட்டில் ஒரு ஊசித்துளையோடு முடித்துக்கொள்ளலாமா? அப்படிக் கேட்டால் யாரும் ஊசித்துளையைத்தான் எடுப்பார்கள். ஆனால் மருத்துவர் சொன்னதில் கனமான பகுதி வேறு: “மற்றதை மருந்தில் பார்க்கலாம்.” எத்தனை அடைப்பை விட்டுவைக்கப் போகிறார்கள், அவை எங்கே இருக்கின்றன, விட்டால் என்ன ஆகும்? ஸ்டென்ட்டா பைபாஸா என்ற வழக்கை இந்த மிச்சக் கணக்குதான் தீர்க்கிறது. இந்த அத்தியாயம் அந்தக் கணக்கைப் பற்றியது.

மூன்று மில்லிமீட்டர் குழாய்கள்

இதயம் ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை சுருங்கி விரிகிறது. அந்த வேலைக்கு வேண்டிய ரத்தம், அது உடலுக்கு அனுப்பும் ரத்தத்திலிருந்தே, மகாதமனி தொடங்கும் இடத்தில் கிளைக்கும் இரண்டு குழாய்கள் வழியாக வருகிறது. வலது இதயத் தமனி ஒன்று. இடது பிரதான தமனி இன்னொன்று. இந்த இடது தமனி கொஞ்ச தூரத்திலேயே இரண்டாகப் பிரியும். முன்சுவரில் இறங்கும் கிளையை மருத்துவமனையில் எல்.ஏ.டி. என்பார்கள். பக்கவாட்டில் சுற்றிப் போவது சர்க்கம்ஃப்ளெக்ஸ். ‘மூன்று குழாய்’ என்று பேச்சில் சொல்வது வலது தமனி, எல்.ஏ.டி., சர்க்கம்ஃப்ளெக்ஸ் ஆகிய இவற்றைத்தான். பெரும்பாலும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் தொடங்கிப் போகப்போகச் சிறுத்துவிடும்.

இந்தக் குழாய்களை உயிரோடு இருக்கும் மனிதரிடம் படம் பிடிக்க முடியும் என்பது 1958இல் தற்செயலாகத் தெரியவந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் ஒரு நோயாளியின் வால்வைப் படமெடுக்கச் செலுத்திய சாயம், குழல் நழுவி வலது தமனிக்குள் பாய்ந்துவிட்டது. இதயம் நின்றுவிடும் என்று அவர் பதறினார். நோயாளி பிழைத்தார், தமனி படத்தில் தெளிவாக விழுந்திருந்தது. அடைப்பு எங்கே என்று தெரிந்த பிறகு அதைத் தாண்டுவது எப்படி என்ற கேள்வி எழுந்தது. அதே கிளீவ்லாண்டில் 1967இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெனே ஃபவலோரோ, காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு அடைப்பைச் சுற்றிப் புதுப்பாதை போட்டார். இந்தியாவின் முதல் பைபாஸ் 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் கையால் நடந்தது.

ஸ்டென்ட்டின் கதை 1977 செப்டம்பர் 16இல் தொடங்குகிறது. சூரிச் நகரில் ஆந்திரியாஸ் குரூன்ட்ஸிக் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உருவாக்கி மேம்படுத்திய பலூனை 38 வயதுக்காரர் ஒருவரின் எல்.ஏ.டி. தமனிக்குள் கொண்டுபோய் ஊதினார். அடைப்பு விலகியது, அந்தத் தமனி பத்தாண்டு கழித்தும் திறந்தே இருந்தது. அமெரிக்காவில் அவரிடம் பயின்ற டாக்டர் மாத்யூ சாமுவேல் களரிக்கல் 1980களின் நடுவில் சென்னையில் ஆஞ்சியோபிளாஸ்டி எனப்படும் இந்தச் சிகிச்சையை இந்தியாவுக்கு அறிமுகப்படுத்தினார். வெறும் பலூனால் விரித்த குழாய் பலருக்கு மறுபடி சுருங்கியது. அதைத் தாங்கிப் பிடிக்க 1986இல் உலோக வலைக்குழல், அதாவது ஸ்டென்ட் வந்தது. அதற்குள் தழும்புத் திசு வளர்வதைத் தடுக்க மருந்து பூசிய ஸ்டென்ட் 2000களின் தொடக்கத்தில் வந்தது.

சரிந்த கரையும் புது வாய்க்காலும்

இரண்டு சிகிச்சையும் ஒரே வேலையை இரண்டு விதமாகச் செய்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டும் செய்யும் வேலையே வேறு. கே.ஆர்.எஸ். அணையிலிருந்து மண்டியா வயல்களுக்குப் போகும் விஸ்வேஸ்வரய்யா கால்வாயை எண்ணிப்பாருங்கள். ஓரிடத்தில் கரை சரிந்து தண்ணீர் தடைப்படுகிறது. சரிந்த மண்ணை ஒதுக்கி அந்த இடத்தில் மட்டும் கரையைக் கட்டலாம். சீக்கிரம் முடிகிற வேலை. ஆனால் அடுத்த வருடம் அதற்கு நூறடி மேலே கரை சரிந்தால் மறுபடி ஆள் போக வேண்டும். இன்னொரு வழி, மேலேயிருந்து புது வாய்க்கால் வெட்டிச் சரிவைத் தாண்டிக் கீழே சேர்ப்பது. பெரிய வேலை. ஆனால் சேர்த்த இடத்துக்கு மேலே எங்கே எத்தனை முறை கரை சரிந்தாலும் வயலுக்குத் தண்ணீர் பாயும்.

ஸ்டென்ட் இன்று இருக்கும் அடைப்பைச் சரிசெய்கிறது. பைபாஸ் இன்றைய அடைப்போடு, அதே நீளத்தில் நாளை வரக்கூடிய அடைப்புக்கும் சேர்த்து வழி செய்துவிடுகிறது. தமனியில் கொழுப்புப் படிவு பெரும்பாலும் மேல்பகுதியிலேயே வருவதால் இந்த வித்தியாசம் சிறியதல்ல. அடைப்பு ஒன்றிரண்டு இடத்தில், குட்டையாக இருந்தால் ஸ்டென்ட் போதும். மூன்று குழாயிலும் நீளநீளமாகப் பரவியிருந்தால் புதுப்பாதையின் மதிப்பு கூடிக்கொண்டே போகும்.

ஆனால் எந்தக் குழாயால் புதுப்பாதை போடுகிறார்கள் என்பதும் முக்கியம். மார்பெலும்பின் உள்பக்கம் ஓடும் தமனியை எடுத்து எல்.ஏ.டி.யோடு இணைத்தால், பத்தாண்டு கழித்தும் அவற்றில் பத்துக்கு ஒன்பது திறந்திருக்கும். காலிலிருந்து எடுத்த சிரைகளில் ஏறக்குறைய பாதி அந்தக் காலத்துக்குள் அடைந்துவிடும். பைபாஸின் புகழில் பெரும்பங்கு அந்த ஒற்றை மார்புத் தமனிக்கே சேரும்.

கங்குலியின் இருபத்தாறு நாட்கள்

2021 ஜனவரி 2ஆம் தேதி கொல்கத்தாவில் தன் வீட்டு உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்தபோது முன்னாள் இந்திய கிரிக்கெட் கேப்டன் சவுரவ் கங்குலிக்கு நெஞ்சில் கோளாறு தெரிந்தது. வயது 48. உட்லண்ட்ஸ் மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் செய்தபோது மூன்று தமனிகளிலும் அடைப்பு இருந்தது. மாரடைப்புக்குக் காரணமான வலது தமனிக்கு மட்டும் அன்றே ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மற்ற இரண்டை விட்டுவைத்தார்கள்.

பிறகு மருத்துவர் குழு கூடியது. நாராயணா மருத்துவக் குழுமத்தின் நிறுவனரும் கர்நாடகத்துக்காரருமான டாக்டர் தேவி ஷெட்டி பெங்களூரிலிருந்து போய்ப் பார்த்தார். வலி இல்லை, நிலை சீராக இருக்கிறது, மற்றதைத் தள்ளிப்போடலாம் என்று முடிவானது. கங்குலி வீடு திரும்பினார். 27ஆம் தேதி மறுபடி நெஞ்சில் தொந்தரவு வர, மறுநாள் அப்போலோவில் மீதி இரண்டு தமனிகளுக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள்.

நாடே செய்தியாகப் பின்தொடர்ந்த இந்தச் சிகிச்சை, சில அடைப்பை மட்டும் திறந்து மற்றதை விட்டுவைக்கும் பகுதி ஆஞ்சியோபிளாஸ்டி எப்போது சரி என்பதற்கு நல்ல பாடம். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு தமனி முழுக்க மூடி, அதன் கீழிருக்கும் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கிறது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: மாரடைப்புக்குக் காரணமான குற்றவாளிக் குழாயைத் திற. பைபாஸா என்று பட்டிமன்றம் நடத்த நேரமில்லை.

அன்று விட்டுவைத்த மற்றவற்றை அப்படியே விட்டுவிடலாமா? 2019இல் வெளியான ‘கம்ப்ளீட்’ ஆய்வு இதைக் கேட்டது. மாரடைப்பு வந்து, குற்றவாளிக் குழாய்க்கு ஸ்டென்ட் வைத்த 4,041 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அத்தோடு நிறுத்தி மருந்து. மற்றப் பிரிவுக்கு மீதி அடைப்புகளையும் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் சரிசெய்தார்கள். மூன்றாண்டு அளவில் இதய மரணமோ புது மாரடைப்போ வந்தவர்கள் முதல் பிரிவில் 10.5 சதவீதம், இரண்டாவதில் 7.8 சதவீதம். ஆக, முதல் நாள் பகுதியோடு நிறுத்துவது நியாயம். மிச்சத்துக்கு நாள் குறிக்காமல் விடுவதுதான் தவறு.

ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களிடம் இந்த நியாயம் இன்னும் கறாரானது. மொத்தத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்ற ஆசையை 2017இல் வந்த ‘கல்ப்ரிட்-ஷாக்’ ஆய்வு உடைத்தது. எல்லா அடைப்பையும் உடனே திறந்தவர்களில் 55.4 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள் அல்லது சிறுநீரகம் கடுமையாகச் செயலிழந்தது. குற்றவாளிக் குழாயை மட்டும் திறந்தவர்களில் அது 45.9 சதவீதம். குறைவாகச் செய்ததே அங்கே உயிர் காத்தது.

மிச்சத்துக்கு ஒரு மதிப்பெண்

மாரடைப்பு இல்லை, நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது, ஆஞ்சியோவில் மூன்று குழாய் என்று வந்துவிட்டது. இங்கேதான் யோசிக்க அவகாசம் இருக்கிறது. யோசிக்க உதவும் கருவியை ‘சின்டாக்ஸ்’ என்ற ஆய்வு தந்தது. இடது பிரதான தமனியிலோ மூன்று குழாய்களிலோ அடைப்புள்ள 1,800 பேருக்கு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், குலுக்கல் முறையில் பைபாஸோ மருந்து ஸ்டென்ட்டோ ஒதுக்கினார்கள். ஒவ்வொருவரின் ஆஞ்சியோ படத்துக்கும் ஒரு மதிப்பெண்ணும் போட்டார்கள். அடைப்பு எந்த இடத்தில், எவ்வளவு நீளம், கிளை பிரியும் முனையிலா, சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிட்டதா, முழுக்க மூடிவிட்டதா என்று ஒவ்வொன்றும் புள்ளியைக் கூட்டும். 22 வரை எளியது, 23 முதல் 32 வரை நடுத்தரம், 33உம் அதற்கு மேலும் சிக்கலானது.

ஐந்தாண்டு முடிவில் மரணம், பக்கவாதம், மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் பைபாஸ் பிரிவில் 26.9 சதவீதம், ஸ்டென்ட் பிரிவில் 37.3 சதவீதம். மதிப்பெண் குறைவாக இருந்தவர்களிடம் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மதிப்பெண் ஏற ஏற பைபாஸ் முந்தியது. பத்தாண்டு கழித்து உயிரோடு இருக்கிறார்களா என்பதை மட்டும் பார்த்தபோது, மூன்று குழாய் நோயாளிகளில் ஸ்டென்ட் பிரிவில் 28 சதவீதமும் பைபாஸ் பிரிவில் 21 சதவீதமும் இறந்திருந்தார்கள். இடது பிரதான தமனியில் நோய் இருந்தவர்களிடம் அப்படி வேறுபாடு தெரியவில்லை.

நம் கேள்விக்கு நேராக வரும் கணக்கு, அதே தரவை வைத்து 2013இல் செய்ததுதான். ஸ்டென்ட் வைத்து முடித்த பிறகு விட்டுவைத்த அடைப்புகளுக்கு மறுபடி மதிப்பெண் போட்டார்கள். மிச்ச மதிப்பெண் பூஜ்யமாக இருந்தவர்களில் ஐந்தாண்டில் இறந்தவர்கள் 8.5 சதவீதம். 4 வரை மிச்சம் இருந்தவர்களில் 8.7. எட்டு வரை என்றால் 11.4. எட்டைத் தாண்டியவர்களில் 35.3 சதவீதம்.

இந்த எண்களை இரண்டு பக்கமிருந்தும் படிக்க வேண்டும். கொஞ்சம் மிச்சம் இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்பது ஒரு பக்கம். ஒரு சிறு கிளையில், ஒரு மெல்லிய வால்நுனியில் இருக்கும் அடைப்பை விட்டுவிடுவது மருத்துவரின் அலட்சியமல்ல. ஒன்றரை மில்லிமீட்டர் குழாயில் ஸ்டென்ட்டைத் திணித்தால் அதுவே அடைந்து தொல்லை தரும். பைபாஸ் செய்யும் அறுவை மருத்துவரும் தையல் நிற்காத மெல்லிய குழாய்களை விட்டுவிடுகிறார். சின்டாக்ஸில் பைபாஸ் செய்தவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முழுமையான சிகிச்சை ஆகவில்லை. இன்னொரு பக்கம், மிச்சம் பெரிதாக இருந்தால் பகுதி ஆஞ்சியோபிளாஸ்டி என்பது ஏறக்குறைய சிகிச்சை செய்யாததற்குச் சமமாகிவிடுகிறது. அதிக மிச்சம் இருந்தவர்கள் தொடக்கத்திலேயே அதிக நோயோடு வந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த 35 சதவீதம் முழுவதையும் விட்டுவைத்த அடைப்பின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் எட்டு என்ற எல்லையை மருத்துவர்கள் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

படத்தில் 70 சதவீதம் என்று தெரியும் அடைப்பெல்லாம் ரத்தத்தைத் தடுக்கிறதா என்பது வேறு கேள்வி. மெல்லிய கம்பி ஒன்றைக் குழாய்க்குள் செலுத்தி, அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கிறார்கள். இதற்கு எஃப்.எஃப்.ஆர். என்று பெயர். விகிதம் 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தடை உண்மையானது. இந்த முறையைச் சோதித்த ‘ஃபேம்’ ஆய்வில், படத்தைப் பார்த்து மூன்று குழாய் நோய் என்று முடிவுசெய்த 115 பேரில் 14 சதவீதத்தினருக்கு மட்டுமே மூன்று குழாயிலும் உண்மையான தடை இருந்தது. மற்றவர்களுக்கு அது இரண்டு குழாய் நோய், ஒரு குழாய் நோய், சிலருக்கு எதுவுமே இல்லை. அளந்து பார்த்துத் தடையில்லாத அடைப்பை விட்டுவைத்தால், படத்துக்குப் பகுதி சிகிச்சை, தசைக்கு முழுச் சிகிச்சை. அதனால், மூன்று குழாய் என்றதும் பதறுவதற்கு முன்னால் அளந்தார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி.

மண்டி மொஹல்லாவின் பழைய பதிவேடும் சர்க்கரையும்

அடைப்பின் படத்தோடு, அது யாருடைய உடலில் இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். மைசூரு மண்டி மொஹல்லாவில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச்சுற்றளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். பிரிட்டனைச் சேர்ந்த டேவிட் பார்க்கர், கரோலின் ஃபால் ஆகியோரும் மைசூரின் குமரனும் இருந்த குழு, 1934க்கும் 1954க்கும் இடையே அங்கே பிறந்து இன்னும் அந்தப் பக்கத்திலேயே வாழ்ந்த 517 பேரைத் தேடிப் பிடித்தது. பிறக்கும்போது இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவுமாக இருந்தவர்களில் 11 சதவீதத்தினருக்கு இதயத் தமனி நோய். மூன்று கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 சதவீதம்தான். 1996இல் லான்செட் இதழில் வந்த இந்த முடிவு, இதய நோயின் வேர் தாயின் கருப்பை வரை போகிறது என்ற கருத்துக்கு மைசூரிலிருந்து சென்ற சாட்சியாக நின்றது.

இதய நோய் நமக்குச் சீக்கிரமாக வருகிறது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டெனிஸ் சேவியர் தலைமையில் 50 நகரங்களில் 20,468 பேரைப் பதிவுசெய்த ‘கிரியேட்’ ஆய்வில், மாரடைப்போடோ அதன் விளிம்பிலோ வந்தவர்களின் சராசரி வயது 57.5. பத்தில் மூவருக்குச் சர்க்கரை நோய். மண்டியா, சாமராஜநகர், தாளவாடி, கூடலூர் என எந்தப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வரும் இதய நோயாளியிடமும் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி “சர்க்கரை இருக்கிறதா?” என்பதுதான்.

அந்தக் கேள்வி தராசை நன்றாகவே சாய்க்கிறது. சர்க்கரை நோயில் படிவு ஓரிடத்தில் நிற்காமல் குழாய் நெடுகப் பரவும், புதிய இடங்களில் முளைத்துக்கொண்டேயிருக்கும். பல குழாய் அடைப்புள்ள 1,900 சர்க்கரை நோயாளிகளை வைத்து ‘ஃப்ரீடம்’ ஆய்வு 2012இல் வெளியானது. ஐந்தாண்டில் இறந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 16.3 சதவீதம், பைபாஸ் பிரிவில் 10.9 சதவீதம். பக்கவாதம் மட்டும் பைபாஸ் பிரிவில் அதிகம்: 5.2க்கு 2.4. மொத்தக் கூட்டலில் பைபாஸ் வென்றது. நாள்பட்ட சர்க்கரை, மூன்று குழாய், எல்.ஏ.டி.யின் தொடக்கத்திலேயே அடைப்பு, அறுவையைத் தாங்கும் உடல் என்ற நான்கும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், கத்திக்குப் பயந்து ஒரு ஸ்டென்ட்டோடு வீடு திரும்புவது அவருக்கு நல்லதல்ல என்று தயங்காமல் சொல்லலாம்.

கத்தியின் விலை

பைபாஸை இப்படி உயர்த்திப் பேசிவிட்டு அதன் விலையைச் சொல்லாமல் விடக்கூடாது. திட்டமிட்டுச் செய்யும் அறுவையில், அனுபவமுள்ள இடங்களில், நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் இறக்கிறார்கள். வயது, சிறுநீரகம், நுரையீரல், இதயத்தின் பம்பு வலு ஆகியவை மோசமாக இருந்தால் இது கூடும். பிளந்த மார்பெலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பளு தூக்க முடியாது. தினக்கூலியில் வாழ்பவருக்கு இதுவும் சிகிச்சையின் செலவுதான். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காயத்தில் சீழ்பிடிக்கும் அபாயம் வேறு.

ஆனால் ஸ்டென்ட் மலிவு, பைபாஸ் விலை அதிகம் என்ற பழைய கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. ஒரு மருந்து ஸ்டென்ட் ஒரு லட்சத்தைத் தாண்டி விற்ற காலத்தில் ‘முக்கியமானதற்கு மட்டும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் பணமும் நின்றது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு அதன் விலைக்கு ரூ.29,600 என்று உச்சவரம்பு வைத்தது. கர்நாடகத்தின் ஆரோக்கிய கர்நாடகா, தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் போன்றவை இரண்டு சிகிச்சைக்கும் பணம் தருகின்றன.

எந்தச் சிகிச்சையும் கடைசிச் சிகிச்சை ஆகாது என்பதற்கு முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங்கின் இதயம் எடுத்துக்காட்டு. 1990இல் பிரிட்டனில் பைபாஸ். 2000களின் தொடக்கத்தில் ஆஞ்சியோபிளாஸ்டி. 2009 ஜனவரியில், பிரதமராக இருக்கும்போதே, டெல்லி எய்ம்ஸில் டாக்டர் ரமாகாந்த் பாண்டா தலைமையில் இரண்டாவது பைபாஸ். அப்போது வயது 76. அதன்பிறகு 2014 வரை ஆட்சி நடத்தி, 92 வயது வரை வாழ்ந்தார். நோய் நகர்ந்துகொண்டே இருந்தது, ஒவ்வொரு கட்டத்திலும் அப்போதைக்குப் பொருந்திய சிகிச்சையை எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று பேர், ஒரே வரி

ஆஞ்சியோ அறிக்கையில் ‘ட்ரிபிள் வெசல்’, அதாவது மூன்று குழாய், என்ற ஒரே வரியோடு மூன்று பேர் வந்திருப்பதாகக் கற்பனை செய்வோம். முதலாமவருக்கு ஐம்பது வயது. சர்க்கரை இல்லை. மாரடைப்போடு வந்திருக்கிறார். வலது தமனி மூடியிருக்கிறது, மற்ற இரண்டில் நடுத்தர அடைப்பு. வலது தமனிக்கு உடனே ஸ்டென்ட். மற்றவற்றைச் சில வாரங்களுக்குள் அளந்து பார்த்துத் தேவைப்பட்டால் ஸ்டென்ட். இவருக்குப் பைபாஸ் வேண்டியிருக்காது.

இரண்டாமவர் 58 வயதுப் பெண். பதினைந்து வருடச் சர்க்கரை. படியேறினால் நெஞ்சு இறுக்குகிறது. மூன்று குழாயிலும் நீளமான அடைப்பு, எல்.ஏ.டி.யின் வாயிலிலேயே தொடங்குகிறது. பம்பு வலு நன்றாக இருக்கிறது. இவருக்கு மார்புத் தமனியோடு கூடிய பைபாஸ். ஸ்டென்ட் வைத்தால் மிச்ச மதிப்பெண் எட்டைத் தாண்டிவிடும்.

மூன்றாமவருக்கு 82 வயது. சிறுநீரகம் பாதி வேலை செய்கிறது, மூச்சு இரைப்பு உண்டு. பத்தடி நடந்தால் வலி. அந்த வலிக்குப் பெரும்பாலும் ஒரு குழாய்தான் காரணம் என்று தெரிகிறது. அந்த ஒன்றைத் திறந்து, மீதியை மருந்தில் விடுவதே இவருக்குச் சிறந்த சிகிச்சை. இன்னும் எத்தனை ஆண்டு என்பதைவிட, வலியில்லாமல் கோயில் வரை நடந்துவர முடிகிறதா என்பதுதான் இவர் கணக்கு. சாயம் கூடக்கூடச் சிறுநீரகம் அடிவாங்கும் என்பதால் குறைத்துச் செய்வதும் இங்கே வைத்தியம்தான்.

அவசரம் இல்லாத நோயாளிக்கு மருந்தே போதுமா என்பதையும் கேட்க வேண்டும். 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில் இந்தியா உட்பட 37 நாடுகளின் 5,179 பேர் இருந்தார்கள். நிலையாக இருக்கும் நோயாளிகளிடம் ஆரம்பத்திலேயே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்ததால் இறப்பு குறையவில்லை, வலி உள்ளவர்களுக்கு வலி குறைந்தது. இடது பிரதான தமனியில் அடைப்புள்ளவர்களும் பம்பு வலு மிகக் குறைந்தவர்களும் அந்த ஆய்வில் இல்லை. அவர்களுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. மற்றவர்களுக்கு ஒன்று உறுதி: யோசிக்கச் சில நாட்கள் எடுத்துக்கொண்டால் ஆபத்தில்லை.

அந்தச் சில நாட்கள்தான் நம்மூரில் கிடைப்பதில்லை. நோயாளி ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் மேசையில் மயக்கமில்லாமல் படுத்திருக்கிறார். மகனைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டுத் திரையைக் காட்டுகிறார்கள். “இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாமா? கையெழுத்துப் போடுங்கள்.” மாரடைப்பு என்றால் உடனே போடத்தான் வேண்டும். அப்படி இல்லையென்றால், ஆஞ்சியோவை முடித்துக்கொண்டு வெளியே வந்து, இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து படத்தைப் பார்த்த பிறகு முடிவெடுப்பதே உலகெங்கும் வழிகாட்டு நெறிகள் சொல்வது. ஸ்டென்ட் வைப்பவர் மட்டும் இருக்கும் அறையில் பைபாஸுக்காகப் பேச ஆள் இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள் நாலைந்துதான். சின்டாக்ஸ் மதிப்பெண் எவ்வளவு? எல்லா அடைப்பையும் ஸ்டென்ட்டால் சரிசெய்ய முடியுமா, முடியாவிட்டால் எதெது மிஞ்சும்? மிஞ்சுவது ரத்தத்தைத் தடுக்கிறதா என்று அளந்து பார்த்தீர்களா? சர்க்கரை, சிறுநீரகம், பம்பு வலு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அறுவையின் அபாயம் எவ்வளவு? மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாமல் சாப்பிட முடியாதவருக்கு ஸ்டென்ட் ஏற்றதா? கடைசிக் கேள்வியை மருத்துவர் கேட்காவிட்டாலும் வீட்டார் கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் ரத்தம் உறையாமல் தடுக்கும் இரட்டை மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று நிறுத்தினால், அந்த உலோகக் குழலே ஒரு நொடியில் அடைந்துவிடக்கூடும்.

எந்த வழியில் போனாலும் படிவை உண்டாக்கும் நோய் உடலில் இருக்கத்தான் செய்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள், பீடி சிகரெட் கூடவே கூடாது என்பவை இரண்டு தரப்புக்கும் பொது. பகுதி ஆஞ்சியோபிளாஸ்டியோடு வீடு திரும்புகிறவருக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல். எந்தக் குழாயில் எந்த இடத்து அடைப்பை விட்டுவைத்தார்கள், ஏன், மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக எழுதி வாங்க வேண்டும். ஆஞ்சியோ சி.டி.யையும் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். அடுத்த வலி எந்த ஊரில், எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. அன்று அவரைப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு, வைத்த ஸ்டென்ட்டைவிட விட்டுவைத்த அடைப்பைப் பற்றித்தான் முதலில் தெரிய வேண்டியிருக்கும்.